கலியபெருமாள் அடைத்த காற்று

பூங்கோதை டீச்சருக்கு வலது தோள் காதுக்கு மேலே எழும்பாது. பேராவூரணிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்து, பெண்பிள்ளைகளுக்குக் குண்டு எறியவும் கைப்பந்து அடிக்கவும் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்ற வருஷமே அந்தத் தோள் இறுகிப்போனது. அதனால்தான், மருதன்விடுதியில் இருந்த அவர்கள் தோப்பில் எலி மரமேறிக் குரும்பையைத் துளைக்கிறது என்று துப்பாக்கி வாங்கப் புறப்பட்ட நாளில், அவளும் அவள் புருஷன் கலியபெருமாளும் திருச்சிக் கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டியதாயிற்று.

கடைக்காரர் நூருல்லா பாய் முதலில் எடுத்துக் காட்டியது குழாயை நடுவில் மடக்கும் வகை. மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், சுட்டால் அது தோளில் இடிக்கும். எலிக்கு இதுவே தாராளம் என்றார். பூங்கோதை அதை முழங்காலில் வைத்து மடக்கப் பார்த்தாள். பாதியில் தோள் பிடித்துக்கொள்ள, ஒன்றும் நடக்காதது போல அதை மேசையில் திருப்பி வைத்தாள். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவரான கலியபெருமாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இடிக்காததா ஒண்ணு காட்டுங்க பாய்" என்றார்.

பாய் உள்ளே போய் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். "இது காத்து அடைச்சுச் சுடுறது. குழாய்க்கு அடியில இருக்கே இந்த உருளை, இதுல இருநூறு பார் காத்து ஏத்திட்டா அறுபது குண்டுக்கு வரும். இடிக்காது. கை தட்டுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அட்டையில குறி பாக்குறவங்களும் இதத்தான் கேக்குறாங்க, தோப்புக்காரங்களும் இதத்தான் கேக்குறாங்க. ஒரே தொல்லை, காத்தடிக்க ஒரு ஆளு வேணும். சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி நெனச்சுறாதீங்க. அது மாதிரி அறுபது மடங்கு."

கலியபெருமாள் கேள்வி கேட்கத் தொடங்கினார். குண்டு என்ன அளவு என்று கேட்டார். நாலரை மில்லி, லைசன்ஸ் வேண்டாம், அட்டையில் வட்டமாகத் துளை விழும், எலிக்குத் தலையில் பட்டால் போதும் என்றார் பாய். எடை கேட்டார், கனமான துப்பாக்கி ஆடாமல் நிற்கும், ஆனால் அம்மாவின் தோளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம் என்றார் பாய். கடைசியாக, ஏற்றிய காற்று எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார்.

"வாஷர் சுத்தமா இருந்தா வருஷக்கணக்கா நிக்கும். அழுத்தம் காட்டுற இந்த முள்ளு அசையாது."

பூங்கோதை அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். தஞ்சாவூரில் கல்லூரிப் படிப்பின்போது என்.சி.சி.யில் சுட்டு மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கன்னம் தன் இடத்தைத் தானே தேடிப் போய் மரக்கட்டையில் படிந்தது, இடது கண் தானே மூடியது. கலியபெருமாள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவள் கன்னத்தைப் பார்த்தார்.

"இதையே கட்டுங்க பாய். பம்பும் சேத்துக் கட்டுங்க."

பஸ்ஸில் அவள் சொன்னாள், "எலிக்கு எதுக்குங்க இவ்வளவு? நாலு பொறி வச்சாப் போதாதா?"

"நம்ம ஊரு எலி ரொம்பப் பெருசு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ரேடியோவில் புயல் வருகிறது என்றார்கள். கரண்டு போவதற்குள் சட்னி அரைத்துவிட வேண்டும் என்று பூங்கோதை மிக்சியைப் போட்டுக்கொண்டு நிற்க, கொல்லையில் கலியபெருமாள் பம்பின் இரண்டு மிதிகளிலும் காலை ஊன்றி, குனிந்து நிமிர்ந்து காற்றடித்துக்கொண்டிருந்தார். இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார், மூச்சு வாங்கும் நேரத்தில் ஏதோ சொன்னார். மேலே இருநூற்றெழுபது மரத்தின் மட்டைகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவள் மிக்சியை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டபோது அவர் வேர்வையோடு உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, இருநூறு வந்துருச்சு" என்றார்.

அன்றைக்கு அடித்த புயலில் மருதன்விடுதியில் நின்ற தென்னை என்று எதுவும் மிஞ்சவில்லை. நாற்பது நாள் கழித்து, விழுந்த மரங்களை அறுத்து வரப்போரம் அடுக்கிக்கொண்டிருந்த கலியபெருமாள், அதில் ஒரு மரத்தின்மேல் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. துப்பாக்கி பெட்டியிலேயே பரண்மேல் கிடந்தது.

மூன்று வருஷம் போனது. பூங்கோதை இரண்டு முறை கன்று வைத்தாள். இரண்டு முறையும், அடுக்கிவைத்த மரங்களுக்குள் குடும்பம் பெருக்கியிருந்த எலிகள் வந்து குருத்தைக் கடித்துப் போட்டன. மூன்றாம் முறை வைத்து முப்பது கன்று போன பிறகு, ஒரு சாயங்காலம் பரணில் இருந்து பெட்டியை இறக்கினாள். முள் இருநூறில் நின்றது. மோட்டார் கொட்டகை ஓரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, குருத்தில் முன்னங்காலை வைத்து நின்ற ஒரு பருத்த எலியின் காதுக்குக் கீழே குறிபார்த்து விசையை அழுத்தினாள்.

எலி விழுந்தது. குண்டு போன வழியாகவே, அதற்குப் பின்னால், இருநூற்றெழுபது தென்னைமரத்தின் மட்டைச் சத்தம் வெளியே வந்தது.

அது வந்து வெறும் வயல்மேல் பரவி, மரங்கள் நின்ற உயரத்தில் போய் நின்று, ஒரு டம்ளர் டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம் வரைக்கும் அசைந்துகொண்டிருந்தது. ஈரமட்டை வாசனையும், பாளை வெடித்த வாசனையும், புயலுக்கு முந்தின நேரத்துப் புழுக்கமும் கூடவே வந்தன. பூங்கோதை முள்ளைப் பார்த்தாள், கொஞ்சம் இறங்கியிருந்தது. பாய் சொன்னது சரிதான், காற்று கெடாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த குண்டைப் போட்டாள்.

முதலில் ஓடிவந்தவர் கிழக்கே அடுத்த வயல் சிங்காரவேலு. மறுபடியும் புயல் என்று நினைத்து, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். அவர் பின்னால் மரமேறி வைரக்கண்ணு வந்தார். புயலுக்குப் பிறகு ஏறுவதற்கு மரம் இல்லாமல் கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் வயலுக்கு நடுவில் போய் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது கெணத்தடி மரம்" என்றார். "இது கோணல் மரம். டீச்சரம்மா, உங்க வடக்கு வரப்புல ஒரு மரத்துல காஞ்ச மட்டைய எடுக்காம விட்டுருக்கேன், கேக்குதா? புயல் வரப்போவுதேன்னு அவசரமா எறங்கிட்டேன்."

ஊர் அதைப் பழகிக்கொண்டது. சாயங்காலம் டீச்சர் முக்காலி போட்டால், டீக்கடைத் தனபாக்கியம் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தி, மரமில்லாத வயலைப் பார்த்தபடி, பழைய நிழல் விழும் பக்கமாக நகர்ந்து படுத்துக்கொள்ளும். புயல் அடித்த நாளிலிருந்து ஊரில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. காது எதையோ தேடிக்கொண்டே இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. எலி விழுந்த நாட்களில் ஊர் நன்றாகத் தூங்கியது. புயலுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் மட்டும் மழை வருகிறதா என்று கேட்டார்கள், இல்லை, இது மரம் என்று சொல்லப்பட்டதும் அண்ணாந்து தேடினார்கள். கன்றுகளைக் கணக்கெடுக்க வந்த வேளாண்மை அதிகாரி ஒருநாள் அந்தச் சத்தத்துக்குள் அகப்பட்டுக்கொண்டு, படிவத்தில் இருநூற்றெழுபது என்று எழுதி, நிற்கிற மரத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று யோசித்து அடித்துவிட்டு, தனபாக்கியம் கடையில் இரண்டாவது டீ கேட்டார்.

வழக்கும் வந்தது. காற்று கீழ்க்காற்றாக அடித்த நாள் அது, ஆகவே உள்ளே இருப்பதில் பாதி என் தோப்புச் சத்தம் என்றார் சிங்காரவேலு. வைரக்கண்ணு காதுகொடுத்துக் கேட்டு, சில மரங்கள் அவருடையவைதான் என்று சொல்ல, அது உண்மைதான் என்றும் ஆனது. கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள். ஒருவர் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார், இன்னொருவர் கல்யாணத்துக்குக் கேட்டார். பூங்கோதை கடைசியாக எழுந்து, "இது கேக்குறதுக்காக வாங்கினதில்ல. எலிக்காக வாங்கினது. எலி வந்தாச் சுடுவேன், இல்லன்னா சுட மாட்டேன். சுடும்போது யாரு வேணா வந்து கேளுங்க" என்றாள். அதுவே ஊர்க்கட்டுப்பாடாக நின்றது. ஒரு எலிக்கு ஒரு குண்டு.

பன்னிரண்டாவது எலிக்கு, மட்டைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆள் மூச்சு வாங்கினார். பதினைந்தாவது எலிக்கு அந்த ஆள், "வாங்குனேன்" என்றார்.

கலியபெருமாளின் குரல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கம்பத்தின் மேலிருந்து கீழே இருப்பவனிடம் பேசிப் பேசிப் பழகிய குரல், எப்போதும் கொஞ்சம் உரக்கவே இருக்கும். பூங்கோதை துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எலியை எடுக்கக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தாள். தனபாக்கியம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்ன வாங்குனாராம் டீச்சர்?"

"தெரியல."

அடுத்த இரண்டு எலிக்கு மட்டை மட்டும் அசைந்தது. அதற்கடுத்த எலிக்கு, "அதுக்குத்தான்" என்றார். கடைசியில் அடைத்த காற்று முதலில் வருகிறது, சொன்னதெல்லாம் தலைகீழாக வருகிறது என்பதைக் கண்டுபிடித்தது வைரக்கண்ணு. மரமேறும்போது கடைசியாகச் செருகிய அரிவாளைத்தானே முதலில் உருவ முடியும் என்றார். பூங்கோதை காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, அடியில் 'வாங்குனேன்' என்றும் அதற்கு மேலே 'அதுக்குத்தான்' என்றும் எழுதி, மேலே நிறைய இடம் விட்டுவைத்தாள்.

அந்த மாசம் முழுக்க ஊர் அந்த வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தது. "பாக்கணும்" வந்தபோது, மகளைப் பார்க்கத் திருப்பூருக்குப் பஸ் டிக்கெட் வாங்கியிருப்பார் என்றார் சிங்காரவேலு. தனபாக்கியம் அது டாக்டரைப் பார்க்க என்றாள், அவருக்கு நெஞ்சுவலி அப்போதே இருந்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார் என்றாள். அன்றைக்குப் பூங்கோதை சாப்பிடவில்லை. அடுத்து "சுடுறத" வந்தது. "மறுபடி" வந்தது. அதற்குள் பூங்கோதைக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தொன்றாவது எலிக்கு அவர் "நீ" என்றார்.

அதோடு எலி வருவது நின்றுபோனது.

அவள் குறி அவ்வளவு சுத்தம். பத்து நாள் முக்காலி போட்டு உட்கார்ந்தாள், இருபது நாள் உட்கார்ந்தாள். கன்றுகள் ஒவ்வொன்றும் கடிபடாமல் குருத்து விரித்தன. முள் எழுபதுக்குக் கீழே இறங்கி நின்றது, அந்த எழுபதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊரே தவித்தது. சிங்காரவேலு ரகசியமாக வந்தார்.

"டீச்சர், ரைஸ்மில்லுல எலி ஏகப்பட்டது இருக்கு. ஒரு பத்து பிடிச்சுட்டு வந்து விட்டுறவா?"

"நம்ம கன்னுகளக் கடிக்காத எலிய எதுக்கு அண்ணே நான் சுடணும்?"

"அதுக்கில்ல. அவரு சொல்லி முடிக்கணுமே."

அவர் போன பிறகு அவள் காலண்டர் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள். நீ மறுபடி சுடுறத பாக்கணும், அதுக்குத்தான் வாங்குனேன். பிறகு அதை மடித்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனாள், ஊரைக் கூட்டச் சொன்னாள், எல்லோர் முன்னாலும் படித்தாள்.

"இதுல எலிங்கற பேச்சே இல்ல. எலி வந்தாத்தான் சுடுவேன்னு இங்க சொன்னது நான். அவரு சொல்லல. கட்டுப்பாட்ட மாத்திக்குவோமா?"

மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மோட்டார் கொட்டகைச் சுவரில் வட்டம் போட்ட அட்டையை ஒட்டி, பத்து மீட்டர் அளந்து கோடு கிழித்து, முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பூங்கோதை கோட்டில் நின்றாள். உட்கார்ந்து சுடுவது வேறு, நின்று சுடுவது வேறு. தோள் எழ மறுத்தது. இடது கையைத் தாழ்த்தி, இடுப்பில் முழங்கையை ஊன்றி, துப்பாக்கியின் கனத்தை எலும்பில் இறக்கினாள். கன்னம் படிந்தது. சுட்டாள். எட்டாவது வட்டத்தில் துளை விழுந்தது, மட்டைகள் அசைந்தன, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அடுத்த குண்டுக்கு அவர் "சாக்கு" என்றார்.

சாக்கு என்றதும் சிங்காரவேலு கொட்டகைக்குள் போய் அங்கே அடுக்கியிருந்த ஏழு சாக்குகளையும் கொட்டிப் பார்த்தார். தேங்காய் நாரும் பழைய கம்பியும்தான் இருந்தன. அடுத்து "ஒரு" என்று வந்தது. ஒரு சாக்கு, அப்படியானால் எட்டாவதாக ஒன்று எங்கோ இருக்கிறது என்றார் அவர். பூங்கோதை அடுத்த குண்டைப் போட்டாள்.

"எலியெல்லாம்" என்றார் கலியபெருமாள்.

முதலில் சிரித்தது தனபாக்கியம். எலியெல்லாம் ஒரு சாக்கு என்று இரண்டு முறை சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வைரக்கண்ணு திரும்பி நின்றுகொண்டார். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, நீ சுடுவதைப் பார்க்க எனக்கு ஆசை என்று நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, எலியின் பேரைச் சொல்லித் திருச்சிவரைக்கும் போன மனுஷனை அந்த வயலில் நின்ற எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்னும் கொஞ்சம் காற்று மீதி இருந்தது. ஆனால் பத்து மீட்டருக்குக் குண்டு சரியாக எட்டவில்லை, அட்டையின் கீழ்விளிம்பில் இடித்து விழுந்தது. அவள் ஐந்து மீட்டருக்குப் போனாள், பிறகு இரண்டு மீட்டருக்கு. மட்டைச் சத்தமும் தேய்ந்து, பத்து மரம், ஐந்து மரம், கிணற்றடி மரம் மட்டும் என்று குறைந்தது. முள் பூஜ்யத்தைத் தொட்டது. அவள் கடைசிக் குண்டைப் போட்டு விசையை அழுத்தினாள். குண்டு குழாயை விட்டு வெளியே வந்து அவள் காலடியிலேயே விழுந்தது.

"கோதை" என்றது குரல். பக்கத்தில் நின்று கூப்பிடுகிற அளவுக்குத்தான் கேட்டது.

"என்னங்க" என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆடுகள் எழுந்து மேய்ச்சலுக்குப் போயின, மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பூங்கோதை துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அன்றைக்கு ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. ஆனால் அது முன்பிருந்த தூக்கமின்மை மாதிரி இல்லை, கல்யாண வீட்டில் விழித்திருப்பது போல இருந்தது என்று தனபாக்கியம் பிற்பாடு சொன்னாள்.

காலையில் வாசலில் வைரக்கண்ணு நின்றார்.

"டீச்சரம்மா, பம்ப எடுங்க."

"எதுக்கு?"

"அவரு பாக்கணும்னாரில்ல. காத்தில்லாம என்னத்தச் சுடுவீங்க? உங்க தோளுக்கு இது ஆவாது. நான் மரமேறுன ஆளு."

அவர் நாற்பது அடி அடித்தார். சிங்காரவேலு, தள்ளு தள்ளு, எனக்கும் பாதி இருக்கு என்று வாங்கி இருபது அடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தனபாக்கியம் சேலையைச் செருகிக்கொண்டு பதினைந்து அடித்தாள். தெருவே வந்து வரிசையில் நின்று அடித்தது. முள் ஐம்பதாகி, நூறாகி, மத்தியானத்துக்கு இருநூறைத் தொட்டது.

அடுத்த மாசி மாசம் திருச்சியில் நடந்த போட்டியில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வரிசையில், ஒன்பதாம் எண் மேடையில் பூங்கோதை நின்றாள். முதல் குண்டுக்கு ஒரு ஆடு கத்தியது. இரண்டாவதற்கு டீ ஆற்றும் சத்தம் வந்தது, மூன்றாவதற்கு ஒரு கூட்டமே எண்ணிக்கொண்டிருந்தது, அதில் ஒருவர் தப்பாக எண்ணினார். நடுவர் பக்கத்தில் வந்து, விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஆட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் மூடி வைத்தார். முள் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு, பக்கத்து மேடையில் இருந்த சேலத்து அம்மாள் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"யாருங்க அது, தள்ளு தள்ளுங்கறது?"

"எங்க ஊர்க்காரரு. அடிச்சது இருபதுதான், அம்பதுன்னு சொல்லிக்குவாரு. தொந்தரவா இருக்குதாங்க?"

"இல்ல. நல்லா இருக்கு. நீங்க சுடுங்க, நான் கேட்டுட்டுச் சுடுறேன்."

பூங்கோதை இடுப்பில் முழங்கையை ஊன்றினாள், கன்னத்தை வைத்தாள். அரங்கத்தின் பின்வரிசை நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. அவள் ஒருமுறை திரும்பி அங்கே பார்த்துவிட்டு, இடது கண்ணை மூடினாள்.